பாடகியும் கொண்டக்டரும் ஆளுக்கொரு வேகத்தில் போனால் யார் யாருக்கு வழிவிட வேண்டும்?

தெஹிவளைத் தவம்:

வணக்கம். நான் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த ஆள். அக்காவின் மகள் மேற்கத்திய முறையில் பாட்டுப் படிக்கிறாள், அவளை வகுப்புக்கும் பரீட்சைக்கும் கூட்டிக்கொண்டு போய் வெளியே வாங்கில் குந்தியிருந்தே எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது, இப்போது இரவில் யூடியூபில் ஒரு ஒபேராத் துண்டாவது (கதையைப் பாடியே நடிக்கிற மேற்கத்திய நாடகம்) பார்க்காமல் நித்திரை வராது.

என் கேள்வி மேடையில் நேரடியாகப் பதிவான ஒபேராக்களைப் பற்றியது. சில இடங்களில் பாடுகிறவரும் ஓர்கெஸ்ட்ராவும் (வாத்தியக் குழுவும்) பிரிந்து போவது எனக்கே கேட்கிறது. சொப்ரானோ, அதாவது உச்சக் குரல் பாடகி, ஒரு வரியை ஆற அமர இழுத்துக்கொண்டு நிற்கிறார், கீழே வயலின்கள் அடுத்த வரிக்குப் போயே விட்டன, ஓர்கெஸ்ட்ராவைத் தடியால் நடத்துகிற கொண்டக்டரின் கை வழமையை விடப் பெரிதாக வீசுகிறது, அப்படி ஒரு நாலைந்து அடி தள்ளாடிவிட்டு எங்கேயோ ஓரிடத்தில் ஒன்றும் நடக்காத மாதிரிச் சேர்ந்துகொள்கிறார்கள். இது தவறா, சண்டையா, அல்லது அப்படித்தான் பாட வேண்டுமா? நம்முடைய கச்சேரியில் மிருதங்கம் ஓடினால் பாடுகிறவர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், தொடையில் தாளத்தைக் கொஞ்சம் பலமாகப் போடுவார், அவ்வளவுதான், காலப்பிரமாணம் பாடுகிறவருடைய சொத்து என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒபேராவில் அது யாருடைய சொத்து?

கேட்பதற்கு வீட்டுக் காரணமும் ஒன்று உண்டு. பிள்ளை அடுத்த மாதம் ஒரு சிறிய ஓர்கெஸ்ட்ராவோடு மொஸார்ட்டின் மாயப் புல்லாங்குழல் ஒபேராவில் பமீனா பாடும் சோகப் பாட்டைப் பாடப் போகிறாள், 'ஆஹ், இஹ் ஃப்யூல்ஸ்' என்று தொடங்குவது. டீச்சர் சொல்லிக்கொடுத்த வேகம் ஒன்று, கொண்டக்டர் பிடிக்கிற வேகம் அதை விட நன்றாக மெதுவானது. பொதுவாகப் பாடகர்தான் இழுப்பார், கொண்டக்டர்தான் விரட்டுவார் என்பார்கள், இங்கே தலைகீழ். மெதுவாகப் போனால் பாடுவது சுகம்தானே என்று கேட்டேன், அவள் பார்த்த பார்வையில் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் கொண்டக்டரிடம் வாயைத் திறக்க மாட்டாள், அவர் பெரிய மனிதர், இவளுக்குப் பத்தொன்பது வயது. தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள்.

கொட்டாஞ்சேனை ஆல்டோ:

தவம் அண்ணா, பிள்ளை பார்த்த பார்வை நியாயமானது. மெதுவாகப் பாடுவதுதான் கஷ்டம். வயலின்காரர் வில்லைத் திருப்பிக்கொள்ளலாம், பியானோவுக்கு மூச்சே தேவையில்லை, பாடுகிறவருக்கு மட்டும் ஒரு வரிக்கு ஒரு நெஞ்சுக் காற்றுத்தான். நீங்கள் சொன்ன பாட்டில் 'ஹெர்ட்ஸன்' (இதயம்) என்ற சொல்லின் மேல் ஒரு நீண்ட ஓட்டம் வருகிறது, ஒரே உயிரொலியில் சுரம் சுரமாக ஏறி மேல் பி ஃபிளாட் என்ற உச்சச் சுரத்தைத் தொட்டுவிட்டு இறங்க வேண்டும், அதுவும் கத்தாமல், உடைந்த மனதோடு, மெல்லிய குரலில். கீழே ஓர்கெஸ்ட்ரா பெரிதாக ஒன்றும் செய்யாது, சின்னச் சின்னத் தட்டும் இடைவெளியும்தான், ஒளிந்துகொள்ள ஓரிடமும் இல்லை. மெட்ரோனோமில், அதாவது வேகம் காட்டுகிற கருவியில், ஒரு பத்துப் புள்ளி குறைந்தாலே அந்த ஓட்டம் ஒரு மூச்சுக்குள் அடங்காது. நடுவில் மூச்செடுத்தால் சொல் இரண்டாக உடையும், எடுக்காமல் இழுத்தால் கடைசிச் சுரங்கள் தொங்கிப்போகும். சபையில் இருப்பவர் 'பிள்ளைக்குச் சுருதி நிற்கவில்லை' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார், வேகத்தைப் பிடித்தவரை யாரும் குறை சொல்வதில்லை.

மொஸார்ட் அந்தப் பாட்டுக்கு மேல் அடாஜியோ (மெதுவாக) என்று எழுதவில்லை, அந்தாந்தே (நடக்கிற வேகத்தில்) என்றுதான் எழுதியிருக்கிறார். பிறகு வந்தவர்கள் சோகம் என்றால் மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று இழுத்து இழுத்துப் பாடி, அதுவே ரெக்கோர்டிங்குகளில் பதிந்து, அதைக் கேட்டு வளர்ந்த கொண்டக்டர்களின் காதில் அந்த வேகமே உட்கார்ந்துவிட்டது. மொஸார்ட் காலத்து வாத்தியங்களோடு வாசிக்கிற குழுக்கள் வந்த பிறகுதான் வேகம் மறுபடியும் கூடியது. இரண்டு வகைப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், இந்தச் சின்னப் பாட்டிலேயே ஒரு நிமிட வித்தியாசம் வரும். ஆகவே டீச்சர் சொன்ன வேகம் பிள்ளைக்காகச் செய்த சலுகை இல்லை, அதற்கும் ஆதாரம் உண்டு.

யார் யாரைப் பின்பற்றுவது என்பதற்கு இடத்துக்கு இடம் பதில் மாறும். பல இடங்களில் ஸ்கோரிலேயே, அதாவது இசை எழுதிய ஏட்டிலேயே, எழுதியிருக்கும், 'கொல் கான்தோ', 'கொல்லா வோச்சே' என்று. அங்கே ஓர்கெஸ்ட்ரா குரலுக்குப் பின்னால் போக வேண்டும், அது இசையமைப்பாளரின் கட்டளை. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ஸ்கோரைத் திறந்தால் இந்தக் குறிப்புகள் கொட்டிக் கிடக்கும். மொஸார்ட்டில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஹார்ப்சிகோர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சு மாதிரிப் பாடுகிற பகுதிகளில் பேசுகிறவர்தான் ராஜா. ஆனால் நாலைந்து பேர் சேர்ந்து பாடுகிற கட்டம், கோரஸ், நடனம் என்று வந்துவிட்டால் தடி காட்டுவதுதான் சட்டம், அங்கே தனி ஆளின் இழுப்புக்கு இடம் கொடுத்தால் எல்லாம் கொட்டுண்டு போகும்.

நீங்கள் பார்த்த தள்ளாட்டம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடங்களில்தான் நடக்கும். ஒத்திகையில் 'இந்தச் சுரத்தில் நிற்பேன்' என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குப் பாடுகிறவரின் குரல் நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நிற்பார், சளி பிடித்திருந்தால் சீக்கிரம் விட்டுவிடுவார். நல்ல கொண்டக்டர் அவருடைய மூச்சைப் பார்த்தே அதைக் கண்டுபிடிப்பார். பேர் போன சொப்ரானோ மரியா கலாஸுக்குக் கிட்டப்பார்வை மிக மோசம், மேடையில் கண்ணாடியும் போட முடியாது, கொண்டக்டரின் தடியே அவருக்கு ஒழுங்காகத் தெரியாது, அதனால் ஓர்கெஸ்ட்ரா என்ன வாசிக்கும் என்பதையும் சேர்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் மேடை ஏறுவார். அவரை வளர்த்த துல்லியோ செரஃபின், பாடுகிறவரோடு சேர்ந்து மூச்செடுக்கிற வகைக் கொண்டக்டர். அப்படி இருவர் சேர்ந்தால் யார் பின்பற்றினார் என்று கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் கொயரில் டிசம்பரில் ஹேண்டலின் மெசையா பாடும்போது தனியாகப் பாடுகிறவர் மூச்செடுக்கிற சத்தம் பின்னால் நிற்கிற எங்களுக்கே கேட்கும். நடத்துகிறவரின் தோளும் அதோடு சேர்ந்து ஏறினால் நிம்மதி. ஏறாவிட்டால் நாங்கள் எல்லோரும் முகத்தைக் கொப்பிக்குள் புதைத்துக்கொள்வோம்.

கடைசி வரிசை வயலின்:

எல்லாப் பழியையும் கொண்டக்டர் தலையில் போட்டாயிற்று, சரி, வாத்தியக்காரர்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஒபேரா மண்டபங்களில் நாங்கள் மேடைக்கு முன்னால் பள்ளத்துக்குள் இருப்போம், பிட் என்பார்கள். பாடுகிறவரின் குரல் எங்கள் தலைக்கு மேலால் சபைக்குப் போய்விடும், எங்களுக்குக் கேட்பது பக்கத்தில் இருக்கிற ட்ரம்பெட்தான். கொண்டக்டர் ஒருவருக்குத்தான் இரண்டும் கேட்கும், அதுவும் ஒரே நேரத்தில் கேட்காது. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. பாடுகிறவர் மேடையின் பின்பக்கம் 17 மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வையுங்கள். நாங்கள் வாசித்த சுரம் அவர் காதுக்குப் போக நொடியில் இருபதில் ஒரு பங்கு. அதைக் கேட்டு அவர் பாடினால் அந்தக் குரல் கொண்டக்டரிடம் திரும்பி வர இன்னொரு இருபதில் ஒரு பங்கு. மொத்தம் பத்தில் ஒரு நொடி. க்ரொச்செட் 120 (நிமிடத்துக்கு 120 அடி) என்ற வேகத்தில் ஒரு செமிகுவேவரின் (அடியில் காற்பங்குச் சுரம்) நீளமே எட்டில் ஒரு நொடிதான். ஆகவே பாடகி ஒரு பிழையும் விடாமல், நாங்களும் ஒரு பிழையும் விடாமல், கொண்டக்டரின் காதில் கிட்டத்தட்ட ஒரு செமிகுவேவர் பிந்திக் கேட்கும். அவர் 'இழுக்கிறாளே' என்று நினைத்து மெதுவாக்கினால் அவளும் அதைக் கேட்டு இன்னும் மெதுவாவாள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மரியாதையாகக் காத்துக்கொண்டே நின்றுவிடுவார்கள். அதனால்தான் பாடகர்களுக்கு 'கேட்காதே, பார்' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், பெரிய மண்டபங்களில் மேடையின் இரு பக்கமும் கொண்டக்டரைக் காட்டுகிற திரை வைத்திருப்பதும் அதற்குத்தான். 1876இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தன் ஒபேராக்களுக்கென்றே பைரொய்ட்டில் திறந்த மண்டபத்தில் பிட்டையே மூடி வைத்திருக்கிறார்கள். சபைக்கு அருமையான ஒலி, உள்ளே நடத்துகிறவருக்கு ஓர்கெஸ்ட்ரா காதைக் கிழிக்கும், பாட்டு எங்கேயோ தூரத்தில் கேட்கும்.

அடுத்தது, அறுபது பேர் வாசிக்கிற ஓர்கெஸ்ட்ராவை ஒரு அடிக்குள் நிறுத்த ஏலாது. அது காலி வீதியில் இரட்டைத் தட்டு பஸ்ஸுக்குப் பிரேக் பிடிக்கிற மாதிரி, பிடித்த பிறகும் கொஞ்சத் தூரம் போகும். பாடுகிறவர் 'இன்றைக்குக் குரல் நன்றாக இருக்கிறது, நிற்போம்' என்று தன்பாட்டில் முடிவெடுத்தால் நாங்கள் போய்த்தான் தீருவோம், பிறகு நீங்கள் யூடியூபில் பார்த்துவிட்டு ஓர்கெஸ்ட்ரா ஓடியது என்று எழுதுவீர்கள்.

இந்த நிற்கிற வியாதி தனிக்கதை. 'நெஸ்ஸுன் டோர்மா' எல்லோருக்கும் தெரியும், 1990 உலகக் கிண்ணத்தோடு பவரொட்டி உலகம் முழுக்கக் கொண்டுபோன பாட்டு. கடைசி 'வின்செரோ'வில் அந்த மேல் பி சுரத்தைப் புச்சினி எழுதியது ஒரு செமிகுவேவர் அளவுக்கு. தொட்டுவிட்டு உடனே அடுத்த சுரத்துக்கு இறங்க வேண்டியது, நீளமான சுரம் அந்த அடுத்ததுதான். இன்றைக்கு எந்த டெனர் (உச்சக் குரல் ஆண் பாடகர்) அதைத் தொட்டுவிட்டு இறங்குகிறார்? அங்கே குடியிருக்கிறார்கள். கொண்டக்டர் தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வரும்வரை நிற்கிறார். டொஸ்கனினி மாதிரிக் கொண்டக்டர்கள் இந்தப் பழக்கத்தோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்தார்கள். 2000 டிசம்பரில் மிலானின் லா ஸ்காலா ஒபேரா மண்டபத்தில் கொண்டக்டர் ரிக்கார்டோ முட்டி, வெர்டி என்ற இசையமைப்பாளரின் 'இல் த்ரோவத்தோரே' நடத்தியபோது டெனரின் பேர் போன மேல் சி சுரத்தை 'வெர்டி எழுதவில்லை' என்று பாடவே விடவில்லை, மேல் தட்டில் இருந்த ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். ரசிகர்கள் கேட்பது சர்க்கஸ், முட்டி கொடுத்தது வெர்டி. நான் முட்டி பக்கம்.

தவம், உங்கள் பிள்ளைக்கு ஒரு உபயோகமான விஷயம். கொழும்பில் இப்படியான கொன்சேர்ட்டுகளுக்குப் பிட் இருக்காது, பாடுகிறவர் கொண்டக்டருக்குப் பக்கத்திலேயே சபையைப் பார்த்து நிற்பார், ஓர்கெஸ்ட்ரா முதுகுப் பக்கம். அங்கே தூரம் பிரச்சினை இல்லை, பார்வைதான் பிரச்சினை, தடி அவள் தோளுக்குப் பின்னால் ஆடும். ஒரு அரை அடி பின்னுக்கு நின்று, உடம்பை லேசாகக் கொண்டக்டர் பக்கம் சரித்தால் கடைக்கண்ணில் அவருடைய கை தெரியும். இதை ஒத்திகையிலேயே செய்துகொள்ள வேண்டும், மேடையில் போய் இடம் மாற்றினால் லைட்காரர் சத்தம் போடுவார். நாங்களும் இப்போது மொஸார்ட் ஒத்திகையில்தான் இருக்கிறோம், அதனால் இந்தக் கவலை எல்லாம் பச்சையாக ஞாபகம் இருக்கிறது.

மத்தளம்:

தம்பி தவம், கச்சேரியை விட்டுவிட்டுக் கூத்துக்கு வாரும். ஒபேராவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது கூத்துத்தான், ஆடுகிறவரே பாடுகிறார், கதை இருக்கிறது, நடத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். நான் மட்டக்களப்பான், கொழும்புக்கு உத்தியோகத்துக்கு வந்தவன், சின்ன வயதில் களரியில், அதாவது கூத்து ஆடுகிற வட்ட அரங்கில், பிற்பாட்டுப் (ஆட்டக்காரர் பாடிய வரியைப் பின்னால் திரும்பப் பாடுவது) பாடியிருக்கிறேன்.

கூத்தை நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தோடு களரிக்கு நடுவிலேயே நிற்பார். சல்லரிக்காரர் (கைத்தாளம் போடுகிறவர்) பக்கத்தில், பிற்பாட்டுக்காரர் பக்கத்தில், ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடி எடுத்துக் கொடுக்கிற ஏட்டண்ணாவியாரும் அங்கேதான். சுற்றிவர ஆட்டக்காரர். வயலின்காரர் சொன்ன அந்தப் பத்தில் ஒரு நொடிக் கணக்கு வட்டக்களரியில் எழும்பவே எழும்பாது, அண்ணாவியாருக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவில் நாலு முழம்தான். வேகம் யாருடைய சொத்து என்று கேட்டால், ஆட்டக்காரர் களரிக்குள் வருகிற வரவுத் தாளக்கட்டில் அண்ணாவியாருடையது, அங்கே ஆடுகிறவர் மூச்சு வாங்கினாலும் மத்தளம் விடாது. ஆனால் அரசன் களைத்துப்போய்த் தாளம் இல்லாத ஒரு விருத்தம் எடுத்தால் மத்தளம் வாயை மூடிக்கொண்டு நிற்கும், அவர் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அடி விழும். அதிலும் கெட்டிக்கார அண்ணாவியார் என்றால் ஆட்டக்காரரின் காலைப் பார்ப்பார். கால் பிந்தத் தொடங்கினால் பிற்பாட்டை ஒரு முறைக்கு இரண்டு முறை பாட விடுவார், அதற்குள் அவன் மூச்சை எடுத்துக்கொள்வான். சபைக்கு ஒன்றும் தெரியாது. வேகத்தைக் குறைக்காமலே மூச்சுக்கு இடம் கொடுக்கிற வித்தை அது. ஒபேராக்காரருக்குப் பிற்பாட்டு இல்லாதது பெரிய குறைதான்.

1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை எடுத்துச் சுருக்கி ஒருபக்கம் பார்க்கிற படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 'இராவணேசன்' எல்லாம் அப்படி வந்ததுதான். அங்கே அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஓரத்துக்குப் போனார்கள். ஆடுகிறவர் சபையைப் பார்க்க வேண்டும், அதே நேரம் ஓரத்தில் இருக்கிற மத்தளத்தையும் பிடிக்க வேண்டும். பிட்டுக்குள் இருக்கிற ஓர்கெஸ்ட்ராவுக்கும் மேடைக்கும் வருகிற அதே தலையிடி. பாட்டு மாறவில்லை, தாளம் மாறவில்லை, நிற்கிற இடம்தான் மாறியது.

வயலின்காரர் அண்ணைக்கு ஒன்று. ஸ்கோரில் எழுதியிருப்பது செமிகுவேவர், சரி. ஆனால் எழுதியவனுக்கும் தொண்டை தெரியும். அவன் பாடுகிறவனை நம்பித்தான் எழுதினான். ரசிகனுக்கு அந்தச் சுரத்தில் ஆசை என்றால் அதைச் சர்க்கஸ் என்று ஒதுக்கிவிட ஏலாது.

கடைசி வரிசை வயலின்:

பிற்பாட்டு விஷயம் அருமை, அதை எங்கள் ஆட்களுக்குச் சொல்கிறேன். ஆனால் தொண்டை தெரிந்து எழுதினான் என்பதற்கு மொஸார்ட்டையே எடுப்போம். 1777இல் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், மெதுவான பாட்டில் தான் வலது கையால் வேகத்தை இழுத்து விளையாடும்போதும் இடது கை அசையாமல் நேரத்தைக் காக்கிறது, அது மற்றவர்களுக்கு விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அவர் சொன்னது பியானோவுக்கு, ஆனால் அந்த இடது கை ஓர்கெஸ்ட்ரா என்று வைத்துப் பாருங்கள். பாடுகிறவர் மேலே எப்படியும் வளையட்டும், கீழே நாங்கள் நின்றால்தான் அந்த வளைவே தெரியும். இரண்டும் சேர்ந்து வளைந்தால் வெறும் தள்ளாட்டம்.

பல்கனி டிக்கெட்:

வாசிக்கவும் தெரியாது, பாடவும் தெரியாது, கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மலிவு டிக்கெட்டில் இருந்து கேட்கிற ஆள் நான், ஆனால் இந்தச் சண்டைகளின் சரித்திரம் எனக்குப் பிடித்த விஷயம்.

மிகப் பிரபலமானது ஒபேராவே இல்லை. 1962 ஏப்ரல் 6, நியூயோர்க் கார்னகி ஹால், ப்ராம்ஸின் முதலாம் பியானோ கொன்சேர்ட்டோ (தனிப் பியானோவும் ஓர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது). பியானோ வாசித்த கிளென் கூல்ட் கேட்ட வேகம் கொண்டக்டர் லியோனார்ட் பேர்ன்ஸ்டைனுக்குப் பிடிக்கவில்லை, சரியான மெதுவு. பேர்ன்ஸ்டைன் என்ன செய்தார் தெரியுமா, வாசிக்கத் தொடங்கும் முன் சபையைப் பார்த்துத் திரும்பி, இந்த வேகம் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் இவர் யோசித்துச் செய்கிற கலைஞர், அதனால் நடத்துகிறேன் என்ற தோரணையில் ஒரு சின்னப் பேச்சே பேசினார். கொன்சேர்ட்டோவில் யார் முதலாளி, தனியாக வாசிக்கிறவரா கொண்டக்டரா என்று அவரே கேட்டு, சில நேரம் இவர், சில நேரம் அவர், ஆளைப் பொறுத்தது என்றும் சொன்னார். சபை சிரித்தது. அந்தப் பேச்சு பதிவிலேயே இருக்கிறது, தேடிக் கேளுங்கள். இதே பேர்ன்ஸ்டைன் பத்து வருடம் கழித்து 1972இல் மெட்ரோபொலிட்டன் ஒபேராவில் மெரிலின் ஹோர்னை வைத்து 'கார்மென்' நடத்தியபோது அவர் பிடித்த வேகம் மெதுவு என்று பலர் முகம் சுளித்தார்கள் என்பது வேடிக்கை.

ஒபேராவுக்குள் நடந்தது வேண்டும் என்றால் 2010 மார்ச், அதே மெட்ரோபொலிட்டனில் 'லா ட்ராவியாட்டா'. பாடியது ஆஞ்சலா கியோர்கியு, நடத்தியது லியோனார்ட் ஸ்லாட்கின். முதல் இரவில் மேடையும் பிட்டும் சேரவில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள், ஸ்லாட்கின் மிச்சக் காட்சிகளில் இருந்து விலகிவிட்டார். யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. ஆனால் 'ட்ராவியாட்டா' மாதிரி ஒபேராவில் இது ஏன் நடக்கிறது என்பது விளங்கும். எங்கே நிற்பது, எங்கே ஓடுவது என்பதில் பாதி ஸ்கோரில் இல்லை, தலைமுறை தலைமுறையாகப் பாடகர்களின் பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு ஊறிய பாடகியும், ஸ்கோரை வைத்துக்கொண்டு வருகிற கொண்டக்டரும் பியானோ ஒத்திகையிலேயே பேசித் தீர்க்காவிட்டால் மேடையில் தீர்க்க நேரம் இல்லை.

வேகம் பற்றிய பேர்களையும் நம்பாதீர்கள். டொஸ்கனினி என்றால் வேகம், கண்டிப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். பைரொய்ட்டில் வாக்னரின் 'பார்சிஃபல்' மிக மெதுவாக நடத்தியவர் என்று பட்டியலில் இருப்பது அவர்தான், 1931இல். பின்னாளில் பியேர் பூலெஸ் என்ற கொண்டக்டர் அதே மண்டபத்தில் அதே ஒபேராவை நடத்தியபோது ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைந்தது. ஒரே ஸ்கோர்! பாடுகிறவர்களின் நுரையீரலை யோசித்துப் பாருங்கள்.

தவம், ஒரு கேள்வி. நீங்கள் பார்த்த வீடியோக்களில் பிரிந்தவர்கள் திரும்ப எங்கே சேர்கிறார்கள் என்று கவனித்தீர்களா? நான் பார்த்தவரையில் பெரும்பாலும் பாடுகிறவர் புதிதாக மூச்செடுக்கிற இடத்தில். கொண்டக்டர் அங்கே போய்க் காத்துக்கொண்டு நிற்பார்.

தெஹிவளைத் தவம்:

எல்லோருக்கும் நன்றி. பல்கனிக்காரர் சொன்ன பிறகு பழைய வீடியோ ஒன்றைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், ஓம், சேர்கிற இடம் மூச்செடுக்கிற இடம்தான், தடியும் அதற்குச் சற்று முன்னால் சின்னதாகி விடுகிறது. மத்தளம் ஐயா, பிற்பாட்டுக் கதையை அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

நேற்று டீச்சர் கொண்டக்டருக்கு எடுத்துக் கதைத்தாராம். அவர் கோபிக்கவில்லை, சனிக்கிழமை ஒத்திகைக்கு அரை மணி நேரம் முன்னால் பிள்ளையைப் பியானோவோடு மட்டும் பாடிக் காட்டச் சொல்லியிருக்கிறார். ஆனால் 'கடைசிப் பக்கத்தை மட்டும் நான் கேட்கிற மாதிரி மெதுவாகத் தர வேண்டும்' என்று ஒரு நிபந்தனை. அதற்குச் சம்மதிக்கலாமா? பிள்ளை இப்போதே பயந்துபோய் இருக்கிறாள்.

கொட்டாஞ்சேனை ஆல்டோ:

தாராளமாகச் சம்மதிக்கலாம் அண்ணா, அது நல்ல பேரம். அந்த நீண்ட ஓட்டம் கடைசிப் பக்கத்தில் இல்லை, அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். கடைசியில் வருகிற வரிகள் துண்டு துண்டானவை, நடுவில் மூச்செடுக்க இடம் இருக்கிறது, அங்கே மெதுவானால் கேட்கவும் நன்றாக இருக்கும். பிள்ளை செய்ய வேண்டியது, தன் கொப்பியில் மூச்செடுக்கிற ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் பெரிதாகக் குறி போட்டு, அதில் ஒரு ஃபோட்டோ பிரதி எடுத்துக் கொண்டக்டர் கையில் கொடுப்பது. வாயால் 'வேகமாகப் போங்கள் சேர்' என்று சொல்லத் தேவையில்லை, குறியைப் பார்த்தாலே எந்த வேகத்தில் அடங்கும் என்று அவருக்கு விளங்கும். பியானோவோடு பாடும்போது முதலில் அவள் வேகத்தில் ஒருமுறை, பிறகு அவர் வேகத்தில் ஒருமுறை. இரண்டாவது முறை ஓட்டத்தின் நடுவில் மூச்சு முடிந்தால் சமாளிக்க வேண்டாம், முடிந்த இடத்தில் மூச்செடுக்கட்டும், அவர் காதால் கேட்கட்டும். சமாளித்துக் காட்டினால் மேடையிலும் சமாளிப்பாள் என்றுதான் நினைப்பார்.

கடைசி வரிசை வயலின்:

தவம், சனிக்கிழமையா? அடுத்த மாதமா, மொஸார்ட்டா, சின்ன ஓர்கெஸ்ட்ராவா? மண்டபத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் தயவுசெய்து இங்கே எழுத வேண்டாம், எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளையைப் பிரதி கொடுக்கச் சொல்லுங்கள், அவர் பென்சில் குறியை மதிக்கிற ஆள். உண்மையைச் சொன்னால் அந்த வேகத்தில் எங்கள் வரிசைக்கும் கண் சொருகுகிறது, ஆனால் நான் சொன்னேன் என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.